இன்சுலின் குளிர்பை: ரியாத்தில் உழைக்கும், நாகப்பட்டினத்துக் கடற்காற்றில் திணறும்

திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகும் சர்க்கரைக்காரர் முதலில் தேடுவது, ஊசி மருந்து கெடாமல் கொண்டுபோக ஒரு பை. இணையக் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது ஃப்ரியோ. வேல்ஸில் செய்கிறார்கள். ஐஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், தண்ணீர் போதும் என்பது அதன் பெருமை. பொய்யில்லை. ஆனால் டெல்டாக்காரர் வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பை பயன்படப் போகும் இடத்தில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும்?

மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்தப் பை குளிர்வதும் ஒரே வித்தைதான். உள்பையின் தையல் அறைகளில் சிறு மணிகள் இருக்கின்றன. தண்ணீரில் முக்கினால் ஊதி ஜெல்லாகிவிடும். அந்த ஈரம் துணி வழியே ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வெளியே 37.8 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் 45 மணி நேரம் உள்ளே 18 முதல் 26 டிகிரிக்குள் வைக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. காற்று வறண்டிருந்தால் அது நடக்கும். 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஆவியாதலால் 24, 25 டிகிரி வரை இறங்க இடமுண்டு. ரியாத் கோடைக்கு இதைவிடத் தோதான பை இல்லை. அதுவே நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்று அடிக்கும் மாலை, 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். பையை எவ்வளவு நனைத்தாலும் 29 டிகிரிக்குக் கீழே போக வழியே இல்லை. இயற்பியல் விடாது, பையைக் குறை சொல்லிப் பயனில்லை. துபாயின் ஆகஸ்ட் இரவும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பை இன்னும் குறைவாகத்தான் குளிர்விக்கும். ஆனால் அப்போது வெளியே இருக்கும் வெப்பமே 30 டிகிரியைத் தாண்டாததால் நஷ்டமில்லை.

நனைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அளவைப் பொறுத்து 5 முதல் 15 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் முழுக்க மூழ்க வையுங்கள். அதற்கு மேல் ஊறினால் பை தலையணை போல உப்பி, இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசி) உள்ளே நுழையாது. எடுத்ததும் பிழியாமல் துண்டால் ஒற்றி, பத்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டு வெளியுறையில் போட வேண்டும். இன்னொன்று: கடலோர ஊர்களின் போர் தண்ணீர் உப்பு. உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் இந்த மணிகள் சரியாக ஊதாது. பை தட்டையாகவே கிடக்கும், ஈரம் கொஞ்சமாகத்தான் ஏறும், சீக்கிரம் காய்ந்துவிடும். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். 'பை டூப்ளிகேட்' என்று திட்டும் முன் இதை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

நனைத்த பையை பிளாஸ்டிக் கவரில் சுற்றித் துணிமணிக்கு நடுவே செருகினால் எல்லாம் வீண். காற்று படாவிட்டால் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் குளிராது. கைப்பையின் வெளிப்பக்க வலைப்பையில் வைக்கலாம், அல்லது ஜிப்பைப் பாதி திறந்து மேலே வைக்கலாம். நாகையிலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ காரில் திருச்சிக்குப் போகும் அந்தச் சில மணி நேரம்தான் பைக்கு உண்மையான பரீட்சை. சாப்பிட இறங்கும்போது பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் சூட்டை எந்தப் பையும் தாங்காது. விமானத்துக்குள் ஏசி, காற்றும் வறண்டது. அங்கே பை இல்லாவிட்டாலும் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செக்-இன் பெட்டியில் மட்டும் இன்சுலினைப் போடாதீர்கள். சரக்கறையில் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. பெட்டி தொலைந்தால் மருந்தும் போச்சு. உறைந்து உருகிய இன்சுலின் சில சமயம் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. மிக்ஸ்டார்ட் போன்ற கலங்கல் மருந்தை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் திரிதிரியாக இருந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படிந்தது போல ஒட்டியிருந்தாலோ குப்பைக்குத்தான்.

இந்தப் பையை ஃப்ரிட்ஜுக்கு மாற்றாக நினைப்பதுதான் பெரிய தப்பு. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். இந்தப் பை அந்தப் பக்கம் போகவே போகாது. பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்குப் பை போதும்: நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே கிளார்ஜின் 28 நாள் தாங்கும், டெக்லுடெக் 56 நாள். மூன்று மாத இருப்பையும் இதில் அடைத்துக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை, இரவு சேர்த்து ஒரு நாளைக்கு 40 யூனிட் என்றால் 90 நாளுக்கு 3,600. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் காற்றை வெளியேற்ற 2 யூனிட் போகும், அது 360. பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாய்தான் கார்ட்ரிட்ஜ்; ஒன்றில் 300 யூனிட். ஆக, 14 கார்ட்ரிட்ஜ். இந்த இருப்புக்கு ஜெல் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டிதான் சரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கை மேலே நீர் துளிர்க்கும் வரை வெளியே வைத்து, துண்டில் சுற்றி, மருந்தோடு நேராக உரசாமல் வைக்க வேண்டும். சூட்டில் மட்டுமல்ல, ஐஸ் கட்டியில் ஒட்டியும் இன்சுலின் கெட்டுப்போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் பலர் பங்கு போடும் ஃப்ரிட்ஜ் என்றால் ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டு வேண்டாம், கதவுப் பக்கம் வையுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குளிர்பைக்குச் செலவழிக்கும் யோசனையில் கால்வாசியை இதற்குச் செலவழித்தால் போதும். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்கானது. பெரும்பாலான வெளிநாடுகளில் 100 யூனிட், ஆரஞ்சு மூடி. இங்கிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சைக் கட்டிக்கொண்டு போய், அங்கே வாங்கிய 100 யூனிட் மருந்தை அதில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் இறங்குவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. அறையில் தனியாகத் தூங்குகிறவருக்கு அந்த லோ சுகர் உயிருக்கே ஆபத்து. மாற்றி, ஊர்க் குப்பியோடு அங்கத்து ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் சேர்ந்தால் 20 என்று நினைத்துப் போடுவது வெறும் 8. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லிப் பேனாவுக்கு மாறிவிடுவது நல்லது. கார்ட்ரிட்ஜ் இங்கேயும் அங்கேயும் 100தான். ஒரு கம்பெனி கார்ட்ரிட்ஜ் இன்னொரு கம்பெனி பேனாவில் பொதுவாக உட்காராது என்பதால் அதே பேனா உபரியாக ஒன்றும் இருக்கட்டும்.

மருந்துச் சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் அங்கே யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்), நாளொன்றுக்கு எத்தனை யூனிட், டாக்டரின் பதிவு எண், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயர், எல்லாம் டைப் செய்து வாங்குங்கள். இனிஷியலோடு எழுதிய சீட்டும், அப்பா பெயர் விரிந்து நிற்கும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாமல் கவுண்டரில் நிற்பது நம் ஆட்களுக்கு வாடிக்கை. மாத்திரையைக் கத்தரித்த கீற்றாக வாங்காதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். சிங்கப்பூருக்கு, கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத சொந்த மருந்து மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். கால் எரிச்சலுக்குத் தரும் பிரீகாபலின் அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்து, முன் அனுமதி வேண்டும். இங்கே மலிவாகக் கிடைக்கும் டெனெலிகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரை பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ கிடைக்காது. வேறு எதற்கு மாறுவது என்று டாக்டரை இங்கேயே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர் ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவு வேறு அலகில் (mmol/L) இருக்கும்; '7' என்று வந்தால் 18ஆல் பெருக்குங்கள், நம் ஊர்க் கணக்கில் (mg/dL) 126.

பைக்குத் திரும்பினால், விலை இறக்குமதிச் சரக்குக்குரிய விலைதான். வளைகுடா நாடுகளில் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வறண்ட ஊர்களுக்கு, வெயிலில் நிற்கும் வேலைக்குப் போகிறவருக்குக் கொடுத்த காசு வசூல். சிங்கப்பூரில் வீடு, ஆபீஸ், ரயில் எல்லாம் ஏசியில் இருப்பவருக்கு இது ஒருநாள் கூத்து. கடன் வாங்கிக்கொண்டு போனாலே போதும். ஒரு பேனாக்காரர் இரண்டு பேனா அளவை வாங்கினால் உபரிப் பேனாவுக்கும் இடம் இருக்கும். பேனாவை மூடியோடு அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். வேலை முடிந்ததும் உள்பையை நிழலில் தொங்கவிட்டு, மணிகள் பழையபடி கரகரவென்று ஆகும்வரை காய வையுங்கள். டெல்டாவின் ஈரக் காற்றில் அதற்கு வாரக்கணக்கில் கூட ஆகும். பொறுமையில்லாமல் ஈரத்தோடு பெட்டியில் போட்டால் பூஞ்சை பிடித்து நாறும்.