பொங்கலுக்கு முன் டீப் கிளீனிங்: எந்த அறைக்கு ஆளை விடலாம், எந்த அறைக்கு வேண்டாம்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டை ஆளை விட்டுச் சுத்தம் செய்தோம். பெங்களூரில் இருக்கும் மகள் ஆப்பில் பார்த்து, 'முழு வீடு டீப் கிளீனிங்' என்று திருச்சியில் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் எனக்குப் போனே செய்தாள். 6,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்த வரைக்கும் இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதே மருந்து, இதே மெஷின், இதே நிபந்தனைகளோடுதான் வருகிறார்கள். அதனால் யாரைக் கூப்பிடுவது என்பதைவிட எந்த அறைக்குக் கூப்பிடுவது என்று தெரிந்துகொண்டால் காசு மிச்சம்.

வீடு பொன்மலைப்பட்டியில் இருக்கிறது. மாமனார் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் கட்டியது. மொசைக் தரை, உயரமான கூரை, கம்பி வைத்த மர ஜன்னல்கள், அறைக்கு அறை பரண். மாமியாருக்கு 84 வயது. அவர் தூக்கிப் போடச் சம்மதித்த பொருள் என்று இதுவரை எதுவும் இல்லை. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்தப் புத்தி இடையிடையே தலை நீட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரைக்கு வருவதாகச் சொல்லி பத்து மணிக்கு வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். கூடவே வந்த சூப்பர்வைசர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார். அந்தத் தாளை நிதானமாகப் படிக்க வேண்டும். பொருள் இருக்கும் பரணைத் தொட மாட்டார்கள். பூஜைச் சாமான்களைத் தொட மாட்டார்கள். அலமாரிக்குள் இருப்பதை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குத் தனிக் காசு. கழித்த சாமான்களை வெளியே கொண்டுபோகும் பொறுப்பும் நம்முடையது. 'முழு வீடு' என்றால் இவ்வளவுதான்.

முதலில் சமையலறை. இங்கே அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, பிசுக்கு நீக்கும் மருந்து கலந்த வெந்நீரில் ஊறப்போட்டார்கள். அரை மணி நேரத்தில் வாளித் தண்ணீர் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் இடுக்கில் நான் வருஷக்கணக்காகத் தேய்த்தும் போகாத எண்ணெய்ப் பிசுக்கை அந்தப் பெண் ஒரு பட்டைக் கத்தியைப் படுக்கவைத்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். ஒரு கீறல் விழவில்லை. இந்த மருந்துகளில் காஸ்டிக் சோடா இருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் இட்லித் தட்டுகளையும் பழைய பால் பாத்திரத்தையும் முன்கூட்டியே கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிட்டேன். நீங்களும் அனுப்பிவிடுங்கள்.

அடுப்பை நகர்த்தியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிலிண்டரிலிருந்து வரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப். அதற்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். தேதியை டியூபின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். எங்களுடையது காலாவதியாகி ஏழு மாதம். பிசுக்கைத் துடைத்த பிறகுதான் எழுத்தே தெரிந்தது. அன்று சாயந்திரமே கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.

அடுத்தது குளியலறைகள். எங்கள் போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயில் வைத்தாலே உப்பு தெரியும். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் காயக் காயக் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடும். அதைச் சோப்பு போட்டு எடுக்க முடியாது, அமிலம்தான் கரைக்கும். ஆனால் காட்டமான அமிலம் பட்டால் குழாயின் குரோமியப் பூச்சும் கூடவே போய்விடும். இந்த இடத்தில் அவர்களுக்கு வேலை தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். கொண்டு வந்ததெல்லாம் ஓட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பயன்படுத்தும் வரிசை. பையன்கள் அதைப் பெயர் சொல்லாமல் நம்பர் சொல்லித்தான் கேட்டுக்கொள்கிறார்கள். குளியலறைக்கு ஆர்-1, கண்ணாடிக்கு ஆர்-3, டாய்லெட் பேசினுக்கு மட்டும் ஆர்-6. ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் போட்டுவைத்தார்கள். பாதி அடைத்துக் கோணல்மாணலாகப் பீச்சிக்கொண்டிருந்த ஷவர் இப்போது நேராகக் கொட்டுகிறது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? குளியலறைப் பையனிடம், "தம்பி, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் தேய்ப்பதை நிறுத்தாமலே, "கண்ணு எரியும், மூச்சு அடைக்கும்மா. இருக்கிறதுலயே அதுதான் டேஞ்சர்" என்றான். குளோரின் என்ற பெயர் அவனுக்குத் தெரியவில்லை, அதனால் என்ன. பிளஸ் டூவில் சமன்பாட்டை எழுதி முழு மார்க் வாங்கிவிட்டு வீட்டில் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கூடத்துக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. இரண்டு நாற்காலிகளுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, எப்போதோ பெயிண்ட் சிந்திக் காய்ந்த கறை உண்டு. இன்னொரு பையன், பெயர் ஒட்டாத ஒரு வெள்ளைக் கேனைத் திறந்து அதன்மேல் கொஞ்சம் ஊற்றினான். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். தரை புசுபுசுவென்று நுரைத்தது. அவன் முகத்தில் ஒரே சந்தோஷம்: "பாருங்கம்மா, அழுக்கு எப்படிக் கிளம்புது!" கிளம்பியது அழுக்கு இல்லை, தரை. மொசைக் என்பது சிமெண்ட்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து, இறுகிய பிறகு கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய தரை. பளிங்கு என்றால் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கரைந்து கார்பன் டை ஆக்சைடாக நுரைக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முட்டை ஓட்டை வைத்துச் செய்து காட்டியது என் வீட்டுக் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று நிற்கிறது. விரலால் தடவினால் எல்லை தெளிவாகத் தெரியும். பெயிண்ட் கறை இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "மார்பிளுக்குத்தான் மேடம் ஆசிட் கூடாது, மொசைக்குக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். இவருக்குப் பாடம் எடுக்க எனக்குத் தெம்பு இல்லை. 500 ரூபாய் குறைத்துக்கொள்வதாக அவராகவே சொன்னார். இரண்டு நாளில் திரும்ப வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மீதிக் கூடத்தை மெஷின் வைத்து, தரைக்கென்று உள்ள சாதாரண மருந்தில் தேய்த்தார்கள். நன்றாகவே வந்தது. ஃபேன், ஜன்னல், கொசுவலை எல்லாம் சுமார் ரகம். கம்பிகளின் முன்பக்கம் பளிச். பின்பக்கம் போன வருஷத் தூசி பத்திரமாக இருக்கிறது.

பூஜை அறையில் சாமான்களைத் தொடுவதில்லை என்றுதானே எழுதியிருந்தார்கள்? அதனால் சுவரும் கூரையும் தரையும் மட்டும். விளக்குப் புகை ஏறிக் கருத்துப்போன டிஸ்டம்பர் சுவர். அதை முதலில் காய்ந்த தூரிகையால் தட்டி, கரியை உதிர்த்துவிட வேண்டும். எடுத்த எடுப்பில் ஈரத் துணியை வைத்தார்கள். கரி இழுபட்டு, முருகன் படத்துக்கு மேலே ஒரு சாம்பல் நிற மேகம் உருவாகிவிட்டது. டிஸ்டம்பரும் கூடச் சேர்ந்து கரைந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பெயிண்டரைக் கூப்பிட்டு அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடிக்க வேண்டியதாகிவிட்டது, 900 ரூபாய். அதே அறையில் அத்தைக்குச் சீராக வந்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது. பையன் அதன் கண்ணாடியைத் துடைக்க ஸ்ப்ரேயைத் தூக்கியதும் பிடுங்கி வைத்துவிட்டேன். தங்கத் தகடு ஒட்டியிருப்பது சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்து மேடாக்கிய பூச்சின் மேல். சட்ட ஓரமாக ஈரம் இறங்கினால் அது உப்பிப் பெயர்ந்துவிடும். காய்ந்த துணியே போதும்.

பித்தளைக் குத்துவிளக்குகளை அத்தையும் நானும் வழக்கம்போலப் புளி போட்டுத் துலக்கினோம். புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்சைடை மட்டும் மென்மையாக எடுத்துவிடும். அதன் பிறகு ஒரு தடவை பீதாம்பரி. கழுவியதும் உடனே துடைத்துவிட வேண்டும், எங்கள் தண்ணீரைக் காயவிட்டால் மறுபடியும் வெள்ளைப் புள்ளிதான்.

படுக்கையறைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெத்தையை வேக்குவம் செய்தார்கள், பீரோ உச்சியைத் துடைத்தார்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கும் ஷாம்பு போடலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். நனைந்த பஞ்சு உள்ளே கட்டி தட்டிப்போகும். மொட்டை மாடியும் மார்கழி வெயிலும் இருக்கும்போது அதற்கு எதற்குக் காசு?

அப்புறம் பரண். பெரிய வேலையே அதுதான், அவர்கள் செய்யாததும் அதுதான். ஆனால் குளியலறைப் பையன் சாப்பாட்டு இடைவேளையில் தானாக வந்து, "இறக்கி மட்டும் தர்றேன்மா" என்றான். அவர்கள் கொண்டுவந்த ஏணி எட்டவில்லை. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கினோம். கீழே அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மேலேயிருந்து ஒவ்வொன்றாக வரும், தீர்ப்பும் உடனே வரும். பித்தளை அண்டா: "இருக்கட்டும், கல்யாணம் காட்சின்னா வேணும்." மாமனாரின் டிரங்குப் பெட்டி, உள்ளே ரயில்வே சம்பளச் சீட்டுகள், துருப்பிடித்த பூட்டு: "அதத் தொடாதீங்க." மகளின் பத்தாம் வகுப்பு நோட்டுகள்: "அவ வந்து பாக்கட்டும்." கொலு பொம்மைப் பெட்டிகளுக்குக் கேள்வியே இல்லை. ஒரு ஈயச்சொம்பும் வந்தது. அந்தப் பெண் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது வெள்ளீயம்மா, 232 டிகிரியிலேயே உருகிவிடும், உள்ளே ரசம் இருக்கும் வரைதான் அடுப்பைத் தாங்கும், வெறுமனே வைத்தால் சொம்பே இருக்காது என்றேன். "எங்க ஆத்தா வீட்டுலயும் ஒண்ணு ஒழுகிப் போச்சு டீச்சர், ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றாள்.

கடைசியில் கழிந்தவை: பழைய பேப்பர் மூன்று கட்டு, கைப்பிடி போன பிளாஸ்டிக் வாளிகள், ஓடாத மிக்ஸி ஒன்று, காலாவதியான மாத்திரைகள் ஒரு பை நிறைய. பேப்பர் எடைக்குப் போனது, மிக்ஸி காயலான் கடைக்கு. பிளாஸ்டிக் மாநகராட்சி வண்டிக்கு. போகியன்று எரித்தது ஒரு கிழிந்த கோரைப் பாயும் தேய்ந்த துடைப்பமும்தான். டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி விடிகாலையில் தெருவையே இரும வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சரி, மதிப்பெண். சமையலறைக்கும் குளியலறைகளுக்கும் ஐந்துக்கு ஐந்தே தரலாம். கூடத்துக்கு இரண்டு, அதுவும் மெஷினுக்காக. பூஜை அறைக்கு ஒன்றுமில்லை. முழு வீடு என்று எடுத்தால் ஈரம் படக்கூடாத இடத்திலும் ஈரத்தைக் கொண்டுவருகிறார்கள். சாமான்களைப் பிரித்துக் கழிக்கிற நிஜமான வேலை எப்படியும் வீட்டாட்கள் தலையில்தான் விழுகிறது. சமையலறையும் இரண்டு குளியலறையும் மட்டும் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். 2,800 என்றார்கள். அடுத்த வருஷம் அது போதும்.

கூப்பிடுவதாக இருந்தால் மார்கழிக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். அப்போது ஆளும் கிடைக்காது, வருகிறவர்களும் அடுத்த வீட்டு அவசரத்தில் இருப்பார்கள். போனில் பேசும்போதே உங்கள் தரை என்ன வகை என்று சொல்லிவிடுங்கள். பெயர் ஒட்டாத கேன் எதையும் திறக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். பழைய வீடாக இருந்தால் ஏணி எத்தனை அடி என்றும் கேட்டுவிடுங்கள்.