கேஸ் ஹீட்டர் சர்வீஸ்: பம்பை நிறுத்திப் பார்த்தபோது தெரிந்த விஷயம்

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை ஏன் குறைந்தது என்பது கடைசியில்.

எங்கள் நீச்சல் குளத்து ஹீட்டர் சிலிண்டர் கேஸில் ஓடுவது, ஆறு வருடம் ஆகிறது. போன இரண்டு வருடமும் வேறு ஒருவர்தான் சர்வீஸ் செய்தார். வருவார், மூடியைக் கழற்றுவார், தூசி தட்டுவார், பற்றவைத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். தண்ணீர் சூடாகிறதே என்று நானும் எதுவும் கேட்கவில்லை.

இந்த முறை வந்தவர் முதலில் மூடியில் கையே வைக்கவில்லை. ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே பம்பை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் ஓட்டம் நின்றால் பர்னர் உடனே அணைய வேண்டும், அதற்கென்றே உள்ளே, தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் பர்னரை நிறுத்தும் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. அவர் சட்டென்று கேஸ் வால்வை மூடிவிட்டு, ஆறிய பிறகு திறந்து காட்டினார்: சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒரு சின்னத் துண்டு ஒயரால் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். அதாவது சுவிட்ச் பேருக்குத்தான் இருந்திருக்கிறது. ஓட்டமில்லாமல் எரிந்தால் தாமிரக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும், பக்கத்து பிளாஸ்டிக் குழாய்கள் உருகும், வெடிக்கவும் கூடும் என்றார். அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் துண்டைக் காயப்போடுவார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏன் அப்படிச் செய்திருப்பார்கள் என்று அப்புறம் புரிந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டு ஓட்டம் குறைந்திருந்தது, அதனால் ஹீட்டர் அடிக்கடி நின்றிருக்கும். சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, ஃபில்டரைக் கழுவுவதற்குப் பதில் சுவிட்சையே செயலிழக்க வைத்திருக்கிறார்கள். இவர் ஃபில்டரைக் கழுவினார், புது சுவிட்ச் போட்டார். அதோடு விடவில்லை. எங்கள் தோட்டம் சரிவானது, ஹீட்டர் குளத்து நீர்மட்டத்தைவிட ஐந்தடி தாழ்வில் இருக்கிறது. ஓரடி நீருக்கு சுமார் 0.43 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்றால் ஐந்தடிக்கு இரண்டுக்கு மேல், பம்ப் நின்றிருந்தாலும் அந்த அழுத்தமே சுவிட்சை ஏமாற்றப் போதும். அதற்கேற்ப சுவிட்சின் அளவைத் திருகி மாற்றி, பம்பை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். மூன்று முறையும் பர்னர் உடனே அணைந்தது. அதிக சூட்டில் நிறுத்தும் சுவிட்சையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். இந்த ஒரு வேலைக்காகவே இவர்களை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

அடுத்து தண்ணீர். ஹீட்டர் சர்வீஸுக்கு வந்தவர் எதற்குத் தண்ணீரைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பிஎச் (குறைந்தால் தண்ணீரில் அமிலத்தன்மை அதிகம் என்று காட்டும் அளவு) 6.8 இருந்தது, 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். காரணம் நான்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது: குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் கூடைக்குள், அதாவது குளத்து ஓரத்தில் மேல்நீரை இழுக்கும் வாயில் குப்பை பிடிக்கும் கூடைக்குள், போட்டுவந்தேன். அந்த மாத்திரை அமிலத்தன்மை உள்ளது, பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் கூடைக்குள் கரைந்து அடர்த்தியான கரைசலாக நிற்கும், பம்ப் ஓடத் தொடங்கியதும் நேராக ஹீட்டருக்குள் போய்த் தாமிரத்தை அரிக்கும். சுவரில் நீலப்பச்சையாகப் படிந்திருந்ததை இத்தனை நாள் பாசி என்று தேய்த்துக்கொண்டிருந்தேன், அது கரைந்து வந்த தாமிரம். குளோரின் சேர்க்கும் கருவி ஹீட்டரைத் தாண்டித்தான் இருக்க வேண்டுமாம், நடுவில் தண்ணீர் திரும்பி வராதபடி ஒரு செக் வால்வும் வேண்டும். அதையும் போட்டுவிட்டோம். பிஎச் மட்டும் பார்த்தால் போதாது, கால்சியமும் 200-லிருந்து 400 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்க வேண்டும், அதிகமானால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும்.

பர்னரில் சிலந்தி வலை இருந்தது. கேஸ் வரும் துளையில் சிலந்தி கூடு கட்டுவது சகஜம் என்றார். துளை பாதி அடைத்தால் காற்றும் கேஸும் சரியாகக் கலக்காமல் தீ மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே கிடையாது, கேஸுக்கு இருக்கிற மாதிரி நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. மூடிய அறைக்குள் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அலாரம் இல்லாமல் இருக்கவே கூடாது. சுத்தம் செய்த பிறகு தீ நீலமாக, ஆடாமல் எரிந்தது. இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார், புகை போகும் வழியில் கிடந்த சருகுகளையும் எடுத்தார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் எங்கள் ஹீட்டர் இருக்கிற மாதிரித் தாழ்வான இடத்தில்தான் தங்கும். அதனால் பற்றவைக்கும் முன் குனிந்து, தரைக்குப் பக்கத்தில் வாசனை பார்க்கச் சொன்னார். நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் விலகிப் போய், வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டும்.

சரி, அந்த அரை மதிப்பெண். கேஸ் அழுத்தத்தை அளந்தார், தண்ணீரைச் சோதித்தார், எல்லாவற்றையும் வாயால் மட்டுமே சொன்னார். ரசீதில் 'சர்வீஸ் முடிந்தது' என்று ஒரே வரி. அளவுகளை எழுதித் தந்தால்தானே அடுத்த வருடம் ஒப்பிட முடியும்? நானே நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறையும் இவர்களைத்தான் கூப்பிடுவேன், அந்த நோட்டையும் கையில் கொடுத்து அதில் எழுதச் சொல்லிவிடுவேன்.