ப்ராக்ஸிக்குப் பின்னால் ரிமோட் டெஸ்க்டாப்: சுரங்கமா, சாக்ஸா, கேட்வேயா?

வேறொரு கணினியை இங்கிருந்தே இயக்க விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் செயலியை எவ்வளவு துழாவினாலும் ப்ராக்ஸி (வெளியே போகும் இணைப்புகளுக்கு நடுவே நிற்கும் சர்வர்) முகவரி போட ஓர் இடம் கிடைக்காது. அது இலக்குக் கணினியின் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் சேவையின் கதவு எண்) நேரே தட்டும்; வெளியே போக ப்ராக்ஸி மட்டுமே வழி என்றால் பதிலே வராது. பிரவுசருக்குப் போட்ட ப்ராக்ஸி அமைப்பையும் நேரடி இணைப்பில் அது கண்டுகொள்வதில்லை. ஆகவே ப்ராக்ஸியோடு பேச இன்னொருவர் தேவை.

எச்டிடிபி ப்ராக்ஸியை நேராகப் பயன்படுத்துவது பெரும்பாலும் முட்டுச்சந்து. லினக்ஸில் ஃப்ரீஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் செயலிக்கு ப்ராக்ஸி தேர்வு உள்ளேயே இருக்கிறது. எச்டிடிபி, சாக்ஸ்5 (வலைப்பக்கம் மட்டுமல்ல, எந்தச் செயலியின் இணைப்பையும் கடத்தும் ப்ராக்ஸி வகை) இரண்டும் தெரியும். ஆனால் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருளின் இயல்பு அமைப்பு, கனெக்ட் கோரிக்கையை (இன்னொரு சர்வருக்கு நேர் வழி திறக்கச் சொல்வது) பாதுகாப்பான வலைத்தளங்களின் போர்ட்டான 443க்கு மட்டுமே விடும். 3389 கேட்டால் 403, அதாவது அனுமதி மறுப்பு வரும். 407 வந்தால் சிக்கல் வேறு: ப்ராக்ஸி பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது.

ஓரிருவர் தேவைக்கு எஸ்எஸ்எச் சுரங்கத்தை (குறியாக்கிய ஓர் இணைப்புக்குள் இன்னொன்றைக் கடத்துவது) மிஞ்ச எதுவுமில்லை. இலக்கை எட்டக்கூடிய ஒரு இடைச் சர்வர் போதும். எஸ்எஸ்எச் கட்டளையின் பெரிய 'எல்' தேர்வில் உள்ளூர் போர்ட் 13389, இலக்கின் முகவரி, 3389 என்று கொடுத்து, செயலியில் லோக்கல்ஹோஸ்ட்:13389 என்று போடுங்கள். உள்ளூரிலும் 3389ஐயே வைக்காதீர்கள்; உங்கள் கணினியின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் சேவை அதைப் பிடித்து வைத்திருக்கலாம். எஸ்எஸ்எச்சே ப்ராக்ஸியைத் தாண்ட வேண்டுமென்றால் புட்டி என்ற எஸ்எஸ்எச் செயலியில் அதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. இடைச் சர்வர் 443இல் கேட்டால் ஸ்குவிட்டின் அந்த விதியும் தடுக்காது. (நிர்வாகிக்குத் தெரியாமல் செய்தால், பிடிபடும்போது தொழில்நுட்ப விளக்கம் உதவாது.)

சுரங்கம் வழியே இணையும்போது, இலக்குக் கணினி காட்டும் சான்றிதழில் இருக்கும் பெயர் லோக்கல்ஹோஸ்ட் அல்ல என்பதால் எச்சரிக்கை வரும். கெர்பரோஸ் என்ற உள்நுழைவு முறையும் வேலை செய்யாமல், பழைய முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கும். என்டிஎல்எம்மை முடக்கிய இடங்களில் உள்நுழைவே தோற்கும். சும்மா விட்டால் இணைப்பு அறுகிறதா? எஸ்எஸ்எச் அமைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் (எத்தனை விநாடிக்கு ஒருமுறை இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது) 60 வையுங்கள்.

எஸ்எஸ்எச் தரும் சாக்ஸ்5, அதாவது பெரிய 'டி' தேர்வும் 1080 போர்ட்டும், பத்துப் பதினைந்து சர்வர்களை மேய்ப்பவருக்கு லாபம்: ஒவ்வொன்றுக்கும் தனிப் போர்ட் வேண்டாம். ஆனால் விண்டோஸ் செயலிக்கு சாக்ஸ் தெரியாது. செயலிகளை ப்ராக்ஸி வழியே திருப்பிவிடும் ப்ராக்ஸிஃபயர் போன்ற ஒன்றை மேலே போர்த்த வேண்டும். பெயர்களைத் தேடுவதையும் ப்ராக்ஸி வழியே விடாவிட்டால் உள்வலைப் பெயர்கள் கிடைக்காது. ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறையான ஆர்டிபியின் 8ஆம் பதிப்பு முதல், செயலி யுடிபி என்ற வேகமான அனுப்பும் முறையையும் முயலும். எஸ்எஸ்எச் வழக்கமான டிசிபி முறையை மட்டுமே சுமக்கும். வீடியோ திக்கித் திணறும், மற்ற வேலைக்குக் குறையில்லை.

பலர் தினமும் இணையும் அலுவலகத்துக்கு ஆர்டி கேட்வே, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளை வாங்கி உள்வலைக்குக் கடத்தும் விண்டோஸ் சர்வர் சேவை. விண்டோஸ் சர்வர் 2008இல் டிஎஸ் கேட்வே என்ற பெயரில் வந்தது. 443 வழியே போகும். இங்கே மட்டும் செயலி கணினியின் ப்ராக்ஸி அமைப்பை மதிக்கும். விலை, உரிமமும் பராமரிப்பும். யார் நுழையலாம், எந்தக் கணினிக்குப் போகலாம் என்று இரண்டு கொள்கைகள் எழுத வேண்டும். இரண்டாவதை மறந்தால் கேட்வே வரை போய் நின்றுவிடும். டிஎல்எஸ் என்ற குறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் ப்ராக்ஸி இருந்தால் கேட்வேயின் பெயருக்கு விலக்கு வாங்குங்கள்: அது அனுப்பும் எச்டிடிபி கோரிக்கை வகைகள் வழக்கமான கெட், போஸ்ட் அல்ல என்பதால் சில ப்ராக்ஸிகள் அறுத்துவிடும்.

சுரங்கத்தைச் சோதிக்கும்போது ஒன்று. இலக்கு அணைந்து கிடந்தாலும் 13389 திறந்திருப்பதாகவே போர்ட் சோதனை சொல்லும், ஏனெனில் அங்கே பதில் சொல்வது உங்கள் கணினியில் ஓடும் எஸ்எஸ்எச்தான். உண்மையான பிழை எஸ்எஸ்எச் சாளரத்தில் வரும். அதை மூடாமல் வைத்துக்கொண்டு இணைத்துப் பாருங்கள்.