பாட்டில் ஹியூமிக்கா, டிராக்டர் குப்பையா?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் தஞ்சாவூர் வாடல் (வேரை அழுக வைக்கும் பூஞ்சை நோய்) வந்த மரங்களுக்கு ரெண்டு வருசம் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்து) ஊற்றினோம். மரத்துக்கு 40 லிட்டர், 1 சதவீதம். அதில் மயில்துத்தம் 400 கிராம். அதிலும் கால் பங்கு தாமிரம். ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டப்பாத்தியில் 100 கிராம் இறங்கியிருக்கிறது. மரம் பிழைத்தது, மண்வெட்டி போட்டால் மண்புழு ஒன்றுகூட இல்லை.

மண் ஈரத்தில் தனியாகத் திரியும் தாமிரம்தான் புழுவை அதிகம் வாட்டும். மக்கிய பொருளிலுள்ள ஹியூமிக் அமிலம் அதைக் கவ்விக்கொண்டால் நஞ்சு தணியும். ஆனாலும் தாமிரம் அழிந்துவிடாது, கவ்விய வடிவில் இருக்கத்தான் செய்யும்.

ஹியூமிக்கை மண்ணில் சேர்க்க ரெண்டு வழி: கடையில் விற்கும் பாட்டில், இல்லையென்றால் மக்கிய தொழுவுரக் குப்பை. பாட்டில் ஹியூமிக்கைச் சொட்டுநீரில் விட்டால் வேலை முடிந்தது. குப்பைக்கு லோடு வாடகை, ஆள் கூலி, போதாததற்குக் காண்டாமிருக வண்டின் புழு வேறு. வசதியென்றால் பாட்டில்தான்.

நான் பார்த்தது வேறொன்று: கவ்வியது எங்கே போகிறது? பாட்டிலில் இருப்பது கரைந்த சரக்கு. தண்ணீரோடு நகரும், கவ்விய தாமிரத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம். தோப்புக்குக் கீழேதான் எங்கள் குடிதண்ணீர்க் கிணறு. அடியில் ஓட்டை போட்ட ரெண்டு வாளியில் எங்கள் சரளைச் செம்மண்ணை நிரப்பினேன். ஒன்றில் ஹியூமிக் கரைசல். இன்னொன்றில் குப்பை கலந்து வெறும் தண்ணீர். முதல் வாளிக்கடியில் டீ டிகாஷன் மாதிரி இறங்கியது, ரெண்டாவதில் லேசான மஞ்சள். நிறத்தைத்தான் பார்த்தேன், தாமிரத்தை அளக்கவில்லை. ஆனாலும் கிணற்றை நினைத்துக் குப்பைப் பக்கம் சாய்ந்துவிட்டேன். மக்கு பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி அங்கேயே கிடக்கும். அதுவும் நாளாக நாளாகச் சிதைந்து தீரும் என்பதால் மரத்துக்கு 50 கிலோ வருசாவருசம் போட்டாக வேண்டும்.

நார் மில்லில் பித்தும் (தேங்காய் நார்த்தூள் கழிவு) கிடைக்கிறது. பச்சையாகப் போடக்கூடாது, தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மக்கவைத்து ஆறு மரத்துக்குப் போட்டிருக்கிறேன், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து மச்சான், "சாயத்தண்ணி உப்புக்கும் இது கேக்குமா?" என்றார். சோடியத்தை இது அப்படிக் கவ்வாது மச்சான், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவத்தான் வேண்டும்.

இந்த ஆடியில் குப்பை போட்ட பாத்தியைக் கிளறியபோது மூன்று புழு. பாட்டில் விட்டதில் ஒன்று. ஆனால் குப்பை மரங்கள் வாய்க்கால் ஓரம், ஈரம் வற்றாத இடம். முழுப் பேரையும் குப்பைக்கே கொடுக்க மாட்டேன். புரட்டாசிக்கு இன்னும் ரெண்டு லோடு சொல்லியாச்சு, இந்தத் தடவை மேட்டுக்காட்டு மரங்களுக்கு.