பழைய ஆலை இடிபடும்போது: ஒரே லொறியா, இரண்டு வழியா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு பழைய ஆலையோ ஆஸ்பத்திரிக் கட்டடமோ இடிபடப் போகிறது என்று தெரிந்தால், முதலில் வந்து நிற்பவர் பழைய இரும்பு வியாபாரி. அடுத்தவர், "எல்லாத்தையும் நானே ஏத்துறன்" என்னும் ஒப்பந்தகாரர். அங்கே கிடக்கும் ஆபத்தான இரசாயனக் கழிவு, கதிரியக்கக் கழிவு விடயத்தில் உரிமையாளருக்கு மூன்று தெரிவுகள்: எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுப்பது, இடிக்க முன்பே பிரித்து இரண்டு வழியாக அனுப்புவது, ஒரு அறையில் போட்டுப் பூட்டி வைப்பது.

ஒரே கை சுலபம்தான். பில் ஒன்று, பொறுப்பும் ஒன்று போலத் தெரியும். ஆனால் சட்டம் இரண்டு. பழைய எண்ணெய், அமிலம், பூச்சிமருந்து போன்றவை 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த ஒழுங்குவிதிகளுக்குள் வரும். அவற்றைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும். கதிரியக்கப் பொருளுக்கு 2014 இன் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், அதற்கென்று தனி ஒழுங்குபடுத்தும் பேரவை. ஒன்றின் உரிமம் மற்றதற்குச் செல்லாது. ஒப்பந்தகாரர் ஒரு காகிதத்தைக் காட்டினால், அது எதற்கான காகிதம் என்று கேளுங்கள்.

பிரிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. காகித ஆலைகளில் தாளின் தடிப்பை அளக்கும் கருவிக்குள் கிரிப்டன்-85 என்ற கதிரியக்க வாயு இருக்கலாம். பழைய புகை உணரிகள் சிலவற்றில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்க உலோகம். கதிரியக்க மூலத்தை அடைத்து வைத்திருக்கும் உறை பார்க்கச் சின்னதாக இருக்கும். தூக்கினால் அந்த அளவுக்குப் பொருந்தாத பாரம். எச்சரிக்கைத் தகடு துருப்பிடித்தோ பெயின்ற் பூசப்பட்டோ மறைந்திருக்கும். பழைய இரும்பு வியாபாரிக்கு அது நல்ல எடை, அவ்வளவுதான். 1998 இல் ஸ்பெயினின் அல்ஹெசிராஸில் பழைய இரும்போடு போன ஒரு சீசியம்-137 கதிரியக்க மூலம் உலையில் உருகியது. சுத்தப்படுத்தல் உட்பட மொத்தச் செலவு சுமார் 26 மில்லியன் டொலர். இடிக்க முன் கதிர்வீச்சை அளக்கும் மீற்றரோடு ஒருவர் கட்டடத்தைச் சுற்றி வருவதற்கு ஆகும் செலவு இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

பிரித்த பிறகும் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகாது. எரியக்கூடிய இரசாயனக் கழிவு புத்தளத்துச் சீமெந்துச் சூளைக்குப் போகலாம். நாட்டின் மறுகரை என்பதால் ஏற்றுகூலி கடிக்கும். அஸ்பெஸ்டஸ் சீற் அங்கே சரிவராது. நனைத்து, உடைக்காமல் கழற்றி, சுற்றிக் கட்டித்தான் வைக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இடிபாட்டையெல்லாம் ஒன்றாக அள்ளியதற்கு அவசரம் ஒரு காரணம். திட்டமிட்டு இடிப்பவருக்கு அந்தச் சாட்டு இல்லை. ட்ரான்ஸ்போமர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இரசாயனம் உண்டா என்று பரிசோதிக்க முன் அதை வெல்டிங் கடைக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கதிரியக்க மூலத்தைத் தயாரித்த கம்பனி திருப்பி எடுக்குமென்றால் அதுவே முதல் தெரிவு. இல்லாவிட்டால் பேரவையின் அனுமதியோடு அணுசக்திச் சபையைத்தான் நாட வேண்டும்.

பூட்டி வைப்பது? ஆஸ்பத்திரிக்குச் சரி, அதுவும் குறுகிய ஆயுள் உள்ளவற்றுக்கு. சிகிச்சைக்குப் பயன்படும் அயடின்-131 இன் கதிரியக்கம் எட்டு நாளில் பாதியாகும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அமெரிசியம் பாதியாக 432 வருடம் எடுக்கும், அதற்கு எந்த அறைப் பூட்டும் போதாது. மார்கழியில் வாவி பெருகினால் தரைமட்ட அறைக்குள் தண்ணீர் வரும் ஊர் வேறு இது.

என்னைக் கேட்டால், பிரிப்பதையே தேர்ந்தெடுப்பேன்; அதையும் கேள்விப்பத்திரத்தில் தனி வேலையாக, இடிப்பு விலைக்கு வெளியே போடுவேன். இடிப்பு விலைக்குள் போட்டால், குறைந்த விலை கேட்பவர் முதலில் விட்டுவிடுவது அதைத்தான்.