ஏஐ ஏஜென்ட் ஓட்டும் கருவிக்குக் குறிப்பு எழுதுவது: ரீட்மியா, எம்சிபியா, ஸ்கில்லா, ஹெல்ப்பா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து அச்சகங்களில் பழைய வேலைகளைத் திறந்தால் கனக்கப் பாமினிதான். கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, சங்கக் கூட்ட அறிக்கை எல்லாம் அந்த எழுத்துருவில் கிடக்கின்றன. ஒரு போல்டர் முழுவதையும் ஒரே கொமாண்டில் யுனிகோடுக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றைப் பாவிக்கிறோம். இப்போது அதை ஓட்டுவது பெரும்பாலும் ஏஐ ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே கொமாண்ட் ஓட்டி முடிக்கும் ஏஐ. சரி, அதற்கான குறிப்பை எங்கே எழுதுவது?

முதலில் ஆபத்து எங்கே என்று பார்க்கவேணும். பாமினிக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அரைப்புள்ளி அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே ஏற்கெனவே மாற்றிய கோப்பையோ ஆங்கிலப் பந்தி கலந்த கோப்பையோ அப்படியே கொடுத்தால், ஆங்கிலச் சொற்கள் பொருளில்லாத தமிழாகிவிடும். ஆள் என்றால் முதல் பக்கத்திலேயே கண்டு நிறுத்துவார். ஏஜென்ட் 400 கோப்பையும் முடித்துவிட்டு, வேலை வெற்றி என்று சொல்லக்கூடும்.

ரீட்மி, அதாவது கருவியோடு வரும் அறிமுகக் கோப்பு, மனிதருக்கானது. நிறுவும் முறை, படம், வரலாறு எல்லாம் ஏஜென்ட் வாசித்து முடிப்பதற்குள் டோக்கன் (ஏஐ வாசிக்கும் எழுத்தை அளக்கும் அலகு) போய்விடும், எச்சரிக்கையோ கடைசியில் கிடக்கும். ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற குறிப்புக் கோப்பு, கருவியின் கோடைத் திருத்தவரும் ஏஜென்ட்டுக்கு நல்லது: எப்படி பில்ட் செய்வது, எந்த டெஸ்ட் ஓட்டுவது என்று. ஆனால் அது கோட் இருக்கும் போல்டரில் இருக்கிறது. நிறுவிய கருவியை வைத்து அச்சகப் போல்டரில் வேலை செய்யும் ஏஜென்ட்டின் கண்ணில் அது படாது.

2024 நவம்பரில் ஆன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி, அதாவது ஏஐயைக் கருவிகளோடு இணைக்கும் பொது ஒழுங்குமுறை, கருவியின் ஒவ்வோர் உள்ளீட்டையும் ஒழுங்காக வரையறுக்கிறது. லொகின் தேவைப்படும் சேவை, பலர் தூரத்திலிருந்து பாவிக்கும் கருவி என்றால் அதுதான் சரி. ஒரே கொம்பியூட்டரில் ஒரு போல்டரை மாற்ற சேர்வர் ஒன்றைப் பராமரிப்பது வீண் வேலை.

உண்மையான போட்டி ஸ்கில்.எம்டிக்கும் ஹெல்ப்புக்கும்தான். ஸ்கில் என்பது ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் கோப்பு, ஹெல்ப் என்பது --help என்று கேட்டால் கருவியே காட்டும் குறிப்பு.

ஸ்கில்லில் பிடித்தது, ஏஜென்ட் தொடங்கும்போது பெயரும் விவரணையும் மட்டுமே உள்ளே போகும் (விவரணைக்கு 1024 எழுத்து எல்லை), மீதி தேவைப்படும்போதுதான் வாசிக்கப்படும். அதனால் வேலையின் ஒழுங்கை அங்கே ஆறுதலாகச் சொல்லலாம்: முதலில் நகல் எடு, பிறகு எழுதாமல் ஓட்டிப் பார், நாலைந்து கோப்பைத் திறந்து காட்டு, ஆள் சரி என்ற பிறகு முழுவதையும் ஓட்டு. குறை என்னவென்றால், அந்தக் கோப்பு கருவியை விட்டுத் தனியாக இருக்கிறது. கருவியில் ஒரு தெரிவின் (ஒப்ஷன்) பெயர் மாறினாலும் ஸ்கில் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும், ஏஜென்ட்டும் அதை நம்பும்.

ஹெல்ப் கருவிக்குள்ளேயே இருக்கிறது. நிறுவியிருக்கும் பதிப்பு எதுவோ அதற்குரியதே வரும், எந்த நிறுவனத்தின் ஏஜென்ட்டும் கேட்டு வாசிக்கும். ஆனால் வழமையான ஹெல்ப் தெரிவுகளை வரிசையாக அடுக்கிவிட்டு நின்றுவிடும், அது போதாது. மூலக் கோப்பின் மேலேயே எழுதுமா என்பது முதல் வரியில் வரவேணும். படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக்கின் மொக்ரிஃபை கொமாண்ட், வேறு இடமோ வேறு கோப்பு வடிவமோ காட்டாவிட்டால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும், இப்படியான தகவலைத்தான் ஏஜென்ட் முதலில் அறியவேணும். இரண்டாம் முறை ஓட்டினால் என்ன நடக்கும் என்பதும் தேவை. மற்றது, எக்சிட் கோட், அதாவது கருவி முடியும்போது திருப்பும் எண், 0 என்றால் வெற்றி. 400 கோப்பில் 7 தோற்றும் கருவி 0 என்று திருப்பினால் ஏஜென்ட் அடுத்த வேலைக்குப் போய்விடும். எல்லாம் சரியென்றால் 0, சில தோற்றால் 2, தோற்றவற்றின் பட்டியல் இன்ன கோப்பில், அவற்றை மட்டும் திரும்ப ஓட்ட இன்ன தெரிவு என்று எழுதினால் அது தானாகவே தொடரும். "தொடரவா?" என்று கேட்டு நிற்கும் கருவி என்றால், அந்தக் கேள்வியைத் தவிர்க்கும் வழியையும் சொல்லவேணும், இல்லாவிட்டால் பதில் வராமல் அப்படியே நிற்கும்.

ஒன்றுதான் எழுத நேரம் என்றால் ஹெல்ப்பையே எழுதுங்கள். நேரம் இருந்தால் ஒரு பக்கத்துக்கு மேற்படாத ஸ்கில், அதில் தெரிவுகளைத் திரும்ப எழுதாமல் ஹெல்ப்பை ஓட்டிப் பார் என்ற ஒரு வரி. யுனிகோட் தமிழ் ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் தொடாதே என்ற எச்சரிக்கையை மட்டும் குறிப்போடு விடவேண்டாம், கருவியே அப்படியான கோப்பைக் கண்டால் மறுத்து, தோற்றவற்றின் பட்டியலில் காரணத்தோடு போடட்டும்.