மெசேஜ், போன், வீடியோ, நேர்ச் சந்திப்பு: மனதுக்கு நெருக்கமானது எது?

நண்பருக்கு ஒரு கஷ்டம் என்று தெரிந்ததும் கை முதலில் மெசேஜுக்குத்தான் போகிறது. கூப்பிட்டால் தொந்தரவாக இருக்குமோ, பேச வார்த்தை வராமல் திணறுவோமோ என்ற தயக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

மெசேஜைக் குறை சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவர் தனக்கு முடிகிறபோது பதில் போடலாம், வாய்விட்டுச் சொல்ல முடியாததையும் எழுதிவிடலாம். காது கேளாதவர்களுக்கும் பேச்சு திக்குபவர்களுக்கும் பல நேரம் அதுதான் நல்ல வழி. ஆனால் "சரி" என்று ஒற்றை வார்த்தை வந்தால் அது சம்மதமா, கோபமா, அழுகையா என்று எப்படித் தெரியும்? 2014-இல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்த பிறகு, படித்தும் பதில் இல்லையே என்ற வருத்தம் வேறு.

போன் விஷயத்தில் என் மனதை மாற்றியது 2012-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. சிறுமிகளை மற்றவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்திவிட்டு, அப்புறம் சிலரை அம்மாவிடம் நேரிலும் சிலரைப் போனிலும் சிலரை மெசேஜிலும் பேச வைத்தார்கள். நேரிலும் போனிலும் பேசியவர்களுக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் இறங்கியது, பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் ஏறியது. மெசேஜில் பேசியவர்களோ, அம்மாவிடம் பேசாமலே இருந்த பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார்கள். அதே அம்மா, அதே அன்பு, குரல் மட்டும் இல்லை!

2021-இல் வந்த இன்னோர் ஆய்வில், பழைய நண்பரைப் போனில் கூப்பிட்டால் சங்கடமாக இருக்கும் என்று பலரும் பயந்தார்கள். பேசிப் பார்த்தால் மின்னஞ்சலைவிடச் சங்கடம் கூடவில்லை, நெருக்கம்தான் கூடியது. வீடியோ? அதே ஆய்வில் முகம் தெரிந்ததால் குரலைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை. தூரத்தில் இருக்கும் பேரக்குழந்தையைப் பார்க்க வீடியோ வேண்டும்தான், மற்றபடி எனக்குக் குரலே போதும்.

நேர்ச் சந்திப்புக்கு ஈடு கிடையாது. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை எந்தச் செயலியாலும் தர முடியாது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும், பலருக்குத் தூரமும் குறுக்கே நிற்கிறது.

அதனால் சந்திக்க முடியாத நாட்களில் என் முதல் தேர்வு போன்தான். இப்போதெல்லாம் "பேசலாமா?" என்று ஒரு மெசேஜ் போடுகிறேன், சரி என்று வந்ததும் கூப்பிட்டுவிடுகிறேன்.